தாழ்ப்பாள் எழுதாத கணக்கு

பேர்கன், நோர்வே
14 ஜனவரி 2024

அன்புள்ள யாக்கோப்பு மாமாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். குளிர் கூடினால் அம்மாவின் முழங்கால் வலியும் கூடுகிறது, அவ்வளவுதான். உங்கள் நெஞ்சிளைப்பு எப்படி? மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா?

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டில் எந்த ஃபோன் அடித்தாலும் அம்மா பக்கத்தில் வந்து இருந்து லவுட்ஸ்பீக்கரைப் போடச் சொல்வா. இது அவவுக்கு இப்போதைக்குத் தெரியக்கூடாத விஷயம். பதிலை என் வேலைத்தல முகவரிக்குப் போடுங்கள்.

அப்பா இறந்து ஐந்து மாதம். அவருடைய பெட்டியில் அந்தப் பாய்மரப் படகின் பத்திரம் இருந்தது. சமாதான காலத்தில் ஹொலண்ட்காரரிடம் வாங்கினாரே, அதுதான். கூடவே அம்மாவைப் பற்றி ஒரு துண்டுக் கடதாசி: "உள்ளுக்கு எல்லாம் திருத்தி, ஜோசப்பினை ஒருக்கா முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போய்ப் பூப் போட வேணும்." வருகிற டிசம்பர் 26 வந்தால் தம்பி பிறின்ஸ் சுனாமியில் போய் இருபது வருடம்.

அம்மா இன்னும் அந்தக் காலையிலேயே நிற்கிறா. அவனுக்கு ஒரு அடி போட்டு, "படகிலயோ கோயிலிலயோ மாமா கிடப்பான், தேடிக் குடு" என்று உங்களுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினா. அவன் உங்களிடம் வரவேயில்லை. சாப்பாட்டை மணலில் எறிந்துவிட்டுக் கடல் பக்கம் ஓடினதை யாரோ கண்டார்கள் என்று நீங்கள்தானே பிறகு வந்து சொன்னீர்கள். "நான் அடிச்ச அடிதான் அவனைக் கடலுக்கு அனுப்பினது" என்பதைத் தவிர அம்மா அதைப்பற்றி வேறொன்றும் பேசுவதில்லை. டிசம்பர் 26இல் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஊருக்கு வரவும் மாட்டா. படகு தயார் என்றால், அப்பாவின் துண்டைக் காட்டிக் கூட்டி வரலாம் என்று ஒரு நம்பிக்கை.

நான் ஒரு படகுத் திருத்தும் யார்டில் கணக்கு எழுதுகிறேன். அதனால் உள்வேலை எவ்வளவு விழுங்கும் என்று தெரியும். என்னிடம் இருப்பது பதினைந்து லட்சம் ரூபா. அதற்குள் என்ன செய்யலாம் என்று ஒரு கணக்குப் போட்டு அனுப்புங்கள் மாமா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
றெபேக்கா

*

இயேசு மரி சூசை

டச்பார், மட்டக்களப்பு
11 பெப்ரவரி 2024

அன்பு மருமகள் றெபேக்காவுக்கு மாமா யாக்கோப்பு எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் ஆறு கோழிகளும் தேவமாதா கிருபையால் சுகம். அவ்விடம் அக்காவின் முழங்காலும் உன் வேலையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். என் நெஞ்சைப் பற்றிக் கேட்டாய். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்குத்தர் குழாயை வச்சுப் பார்த்துப்போட்டு, "யாக்கோப்பு, இப்படி ஒரு நெஞ்சை என்ர சேவிசில நான் கண்டதில்லை" எண்டார். நல்லதுக்குச் சொன்னாரோ கெட்டதுக்குச் சொன்னாரோ, நான் கேட்கப் போகல்ல.

படகு ராணி மாதிரி இருக்கு. அலை தூக்கி எறிஞ்ச இடத்தில, தென்னைகளுக்கு நடுவில, எட்டு எண்ணெய்ப் பீப்பாவில ஏத்தி வச்சிருக்கேன். அந்த வளவையே வாங்கித்தான் நான் குடியிருக்கிறது உனக்குத் தெரியும். சனம் சிரிச்சிது. "படகுக்காகக் காணி வாங்கின ஒரே ஆள் நீதான் யாக்கோப்பு" எண்டு. சிரிக்கட்டும். போன வருசம் கொழும்பில இருந்து நாலு பேர் கோட்டு சூட்டோட வந்து, இதை மியூசியத்துக்குத் தா, அம்பது லட்சம் தாறம் எண்டு காலில விழாக் குறை. மருமகளின்ர சொத்து, தரமாட்டேன் எண்டு கலைச்சிற்றேன்.

கணக்குக்கு வாறன். ஏழாம் வகுப்போட படிப்பை விட்டாலும், கணக்கில என்னை வெல்ல இந்த டச்பாரில ஆள் இல்லை. தண்ணிக்குத் தாங்கும் பிளைவுட் பதினாலு பலகை, மூன்று லட்சத்து எண்ணாயிரம். நாலு படுக்கைக்கும் மெத்தையும் துணியும் காத்தான்குடியில ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம். வயறிங், பற்றறி, லைற்று ஒரு லட்சத்துத் தொண்ணூறு. தண்ணித் தாங்கியும் பம்பும் எண்பத்தையாயிரம். சமையல் மேடை, காஸ் அடுப்பு ஒரு லட்சத்துப் பத்து. கக்கூஸ் ஒரு லட்சத்து அறுபது. கேபினுக்குப் புதுத் தேக்கங்கதவு, பித்தளைக் கீல் நாலோட தொண்ணூற்றையாயிரம். தச்சன் றமீசின்ர கூலி மூன்றரை லட்சம். காத்தான்குடி ஆள், கையில தொழில் பேசும், வாயில ஒண்டும் பேசாது. சில்லறை அம்பத்தேழாயிரம். கூட்டிப் பார், உன் பதினைஞ்சு லட்சம் நெல்மணி பிசகாமல் வரும்.

வெளியில, கதவுக்குப் பக்கத்தில உள்ள இருக்கைப் பெட்டியைக் கணக்கில சேர்க்கல்ல. அது நல்லா இருக்கு. தொடத் தேவையில்ல.

உன் வேலைத்தலத்துக்காரருக்குச் சொன்னாயா, உன் மாமா அலை வந்த அண்டைக்குக் கோயில் மணியை அடிச்சுப் பதினேழு பேரைக் காப்பாத்தினவன் எண்டு? சொல்லு. நோர்வேக்காரர் வீரத்தை மதிக்கிற சனம்.

தேவமாதாவின் நிழல் உங்கள் மேல் இருக்கட்டும்.
மாமா யாக்கோப்பு

*

பேர்கன்
3 மார்ச் 2024

அன்புள்ள மாமா,

சுகம்தானே? நாங்கள் சுகம். அம்மா நேற்று மூன்று படி தானாக ஏறினா.

கணக்கு வந்தது. கூட்டினேன், சரி. சரியாகப் பதினைந்து வந்ததுதான் எனக்குச் சந்தேகம். அம்பத்தேழாயிரம் சில்லறை என்றால் என்ன சில்லறை? முதல் பங்காக ஆறு லட்சம் அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு விஷயம். ஒன்று, கதவுக்கு நாலு கீல் எழுதியிருக்கிறீர்கள், தாழ்ப்பாள் எழுதவில்லை. படகு சாய்ந்தால் கதவு திறந்துகொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளும் வெளியும் ஒவ்வொரு பித்தளைத் தாழ்ப்பாள் போடுங்கள். ஏழாயிரம் போதும், சில்லறையிலிருந்து எடுங்கள். மற்றது, அந்த இருக்கைப் பெட்டியைத் திறந்து சுத்தமாக்க வேண்டும். உயிர்காப்பு அங்கிகளை அதற்குள்தான் வைக்க வேண்டும். அவசரத்தில் கைக்கு எட்டுகிற இடம் அது ஒன்றுதான்.

மருந்து எடுங்கள்.
றெபேக்கா

*

இயேசு மரி சூசை

டச்பார்
19 மே 2024

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஆசீர்.

பதில் பிந்தினதுக்குக் கோவியாதே. எனக்கு டெங்கு. சாதாரண டெங்கு இல்ல, ஆஸ்பத்திரி நேர்சுமார் எல்லாம் கூடி நிண்டு பார்த்த டெங்கு. இப்ப சிங்கம் மாதிரிச் சுகம். கோழி ஒண்டு குறைஞ்சு அஞ்சு. நீயும் அக்காவும் எப்படி? அக்கா ஏறின மூன்று படியை ஆறாக எண்ணி மகிழ்ந்தேன்.

வேலை நடக்குது. பழைய உள்பலகை எல்லாம் கழட்டியாச்சு. படகு இப்ப உரிச்ச மீன் மாதிரிக் கிடக்கு. றமீஸ் கொண்டுவந்த கூலியாக்கள் ரெண்டு பேர் மூன்றாம் நாள் மத்தியானம் சோத்தையும் விட்டுப்போட்டுப் போயிற்றாங்கள். உள்ள இருக்கேக்க கதவில ஆரோ தட்டுறாங்களாம், எட்டிப் பார்த்தா ஒருத்தரும் இல்லையாம். நான் சிரிச்சேன். "டேய், அது வாவிக்குள்ள மீன் பாடுற சத்தம். மட்டக்களப்பில பிறந்துபோட்டு மீனுக்குப் பயப்பிடுறீங்களா?" எண்டு கேட்டேன். இந்த விஷயத்தை நான் ஒருக்கா அமெரிக்காவில இருந்து வந்த விஞ்ஞானிக்கே விளங்கப்படுத்தினவன்.

தாழ்ப்பாள் காத்தான்குடி முழுக்கத் தேடினேன். ஏறாவூரும் போனேன். இந்த வருசம் பித்தளைத் தாழ்ப்பாளே வரல்லையாம். மறுகா பார்ப்பம். இருக்கைப் பெட்டியின்ர மூடி இறுகிப்போய்க் கிடக்கு. உடைச்சா படகே பிளந்திரும். விடு.

அண்டைக்கு நான் காப்பாத்தின இருபத்துமூன்று பேரில ஒருத்தர் போன கிழமை வந்து கையைப் பிடிச்சு அழுதார்.

உன் அன்பு மாமா
யாக்கோப்பு

*

பேர்கன்
9 ஜூன் 2024

அன்புள்ள மாமா,

டெங்கு முழுதாக விட்டதா? பப்பாளி இலைச் சாறு குடித்தீர்களா? இங்கே எல்லோரும் சுகம்.

மாமா, படகு எட்டுப் பீப்பாவின் மேல் தென்னந்தோட்டத்தில் நிற்கிறது என்று பெப்ரவரியில் எழுதினீர்கள். மீன் எங்கே இருந்து பாடுகிறது? தென்னையிலா?

சாமான் விற்றே ஊர் ஆன காத்தான்குடியில் ஒரு தாழ்ப்பாள் இல்லை என்றால் நான் நம்பவேண்டுமா? இங்கே இரண்டு வாங்கி, றமீஸ் அண்ணன் பெயருக்கே உங்கள் முகவரிக்குப் பார்சல் போட்டிருக்கிறேன். இருக்கைப் பெட்டியை எப்படித் திறப்பது என்று அவருக்கும் ஒரு துண்டு எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

பதினேழு பேர் இருபத்துமூன்று ஆனதையும் கவனித்தேன். அதற்குச் செலவு இல்லை, பரவாயில்லை.

மிச்ச ஒன்பது லட்சத்தையும் அனுப்பியிருக்கிறேன். டிசம்பர் 20க்கு விமான ரிக்கெற் பார்க்கிறேன். அம்மாவிடம் அப்பாவின் துண்டைக் காட்டினேன். கிழிக்கவில்லை, தன் செபப் புத்தகத்துக்குள் வைத்தா.

றெபேக்கா

*

இயேசு மரி சூசை

டச்பார்
4 ஓகஸ்ட் 2024

அன்பு மருமகளுக்கு,

சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேணும்.

பார்சல் வரல்ல. இந்த நாட்டுத் தபாலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்ல. மெத்தைக்கு நீலத் துணி எடுத்தேன், காத்தான்குடிக் கடைக்காரர் என்ர முகத்துக்காக மீற்றருக்கு நூறு ரூபா குறைச்சார். சமையல் மேடை முடிஞ்சுது. அதில நிண்டு ராணியம்மாவே கோழி வெட்டலாம்.

ஆனால் புள்ள, டிசம்பர் வேணாம். டிசம்பரில மழை, வாவி பெருகி, முகத்துவார மணலை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடுற காலம். நான் முப்பத்தொரு பேரைக் காப்பாத்தினவன், எனக்குத் தெரியும் தண்ணி. அக்காவைக் கூட்டி வராதே. அடுத்த வருசம் சித்திரைக்குப் பார்ப்பம். படகும் முடியாது. நான் சொன்னாச் சொன்னதுதான்.

மாமா

*

பிஸ்மில்லாஹ்

காத்தான்குடி
25 ஓகஸ்ட் 2024

மதிப்புக்குரிய சகோதரி றெபேக்காவுக்கு, தச்சன் றமீஸ் எழுதிக்கொள்வது.

நீங்களும் தாயாரும் சுகமாக இருக்க இறைவன் அருள் செய்வானாக. நானும் என் வீட்டாரும் சுகம். யாக்கோப்பு அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அதற்கு மன்னிக்கவும். உங்கள் முகவரி பார்சலில் இருந்தது.

பார்சல் ஜூலை முதல் கிழமையே வந்தது. தாழ்ப்பாள் இரண்டையும் கதவில் பூட்டினேன். மறுநாள் வந்து பார்த்தால் உள்பக்கத் தாழ்ப்பாள் கழற்றப்பட்டு, ஆணிகள் எண்ணிக் கடதாசியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. திரும்பப் பூட்டினேன். திரும்பவும் அப்படியே.

நீங்கள் எழுதியபடி இருக்கைப் பெட்டியையும் திறந்தேன். மூடி இறுகியிருக்கவில்லை. சுற்றிவர ஒன்பது ஆணி அடித்திருந்தது, எல்லாம் பழைய ஆணி. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வீட்டிலோ படகிலோ எது கிடைத்தாலும் அது அமானிதம், எழுதி உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்: கயிறு ஒரு சுருள். சிவப்பு வாளி ஒன்று. மூன்று தட்டுச் சாப்பாட்டு அடுக்கு ஒன்று, கைலேஞ்சித் துணியால் கட்டியது, மூடியில் 'ஜோசப்பின்' என்று பெயர் வெட்டியிருக்கிறது. உள்ளே காய்ந்த கறுப்புத் தூள்தான் இருந்தது. அண்ணன் அதைக் கண்டதும் மணலில் குந்திவிட்டார். "வச்ச இடத்தில வை, றமீஸ். மூடு" என்றார். நான் மூடினேன், ஆணி அடிக்கவில்லை.

இன்னுமொன்று. கூலியாட்கள் கேட்ட சத்தம் பற்றி. என்னை உள்ளே மெத்தைப் பலகையில் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, வெளியில் நின்று தட்டுவார் அண்ணன். "கேட்குதா றமீஸ்?" என்பார். "நல்லாக் கேட்குது அண்ணே" என்றால் முகம் கறுத்துவிடும். "நித்திரை எண்டாக் கேட்குமா? குடிச்சுப்போட்டுக் கிடந்தா?" என்பார். நான் குடிக்காதவன், எனக்கு என்ன தெரியும்? ஐந்தாறு நாள் இப்படி நடந்தது. ஒரு நாள் "கேட்கல்ல அண்ணே" என்று பொய் சொன்னேன். அன்று பின்னேரம் எனக்கு ஆட்டிறைச்சி வாங்கித் தந்தார்.

வேலை நவம்பரில் முடியும், இன்ஷா அல்லாஹ். கூலியில் பேசியதற்கு மேல் நான் எடுக்கவில்லை.

இப்படிக்கு
றமீஸ்

*

பேர்கன்
15 செப்டம்பர் 2024

மாமா,

இந்த முறை சுகம் கேட்கவில்லை.

அம்மாவின் சாப்பாட்டு அடுக்கு படகுக்குள் எப்படி வந்தது?

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ரிக்கெற் எடுத்துவிட்டேன்.

றெபேக்கா

*

டச்பார்
10 நவம்பர் 2024

றெபேக்காவுக்கு,

ஆறு கிழமையாக எழுதிக் கிழிச்சேன். கிழிச்ச கடிதம் எல்லாத்திலயும் நான் நல்லவனாக இருந்தேன். இதில அப்படி இல்ல.

அண்டைக்கு நான் கோயிலில இருக்கல்ல. மணி அடிக்கல்ல. பதினேழும் இல்ல, முப்பத்தொண்டும் இல்ல. நான் ஒருத்தரையும் காப்பாத்தல்ல.

இருபத்தஞ்சு ராத்திரி நத்தாருக்குக் குடிச்சுப்போட்டு, அக்கா தேடி வந்து ஏசுவா எண்டு படகுக்குள்ள போய்ப் படுத்தேன். உள்ளால தாழ்ப்பாளைப் போட்டேன். படகு அப்ப நாவலடியில, வாவிப் பக்கத் துறையில கட்டியிருந்தது. ஒன்பது மணிக்குக் கிட்டவாகப் பிறின்ஸ் வந்தான். தட்டினான். "மாமா, ஒழும்புங்க. அம்மா புட்டும் இறைச்சிக் கறியும் தந்தவ" எண்டான். நான் கிடந்தேன். மறுகா தட்டினான். "சாப்பாட்டைப் பெட்டிக்குள்ள வைக்கிறன் மாமா, காகம் கொத்தும்" எண்டான். மூடி சாத்துற சத்தம் கேட்டுது. அடி வாங்கின பிள்ளையின்ர குரல் இல்ல அது. சிரிச்ச குரல்.

கொஞ்ச நேரத்தில திரும்ப ஓடி வந்து தட்டினான். "மாமா, கடல் வருது. மெய்யாத்தான். சனம் எல்லாம் ஓடுது. கதவத் திறங்க."

அவனுக்குப் புளுகப் பழக்கினவன் நான். முதல் நாள்தான் திமிங்கிலம் கரை ஏறிற்று எண்டு சொல்லி அவனைக் கடற்கரை முழுக்க ஓட விட்டுச் சிரிச்சேன். இப்ப பழி வாங்குறான் எண்டு நினைச்சேன். "சும்மா புளுகாதடா, போ" எண்டு கத்தினேன். அவனுக்கு நான் கடைசியாச் சொன்னது அதுதான்.

அவன் போகல்ல. தட்டினான். கையால தட்டினான், மறுகா காலால. நான் எழும்பித் தாழ்ப்பாளில கை வைக்கேக்க படகு தூக்கிற்று. கதவுக்கு அங்கால தண்ணி. திறந்தா நான் செத்துப் போவேன் எண்டு விளங்கிச்சு. கையை எடுத்திற்றேன். அந்தத் தாழ்ப்பாள் இளகல்ல. அதுதான் என்னைக் காப்பாத்தினது. சத்தம் எப்ப நிண்டுது எண்டு எனக்குத் தெரியாது. நிக்கல்ல எண்டுதான் நினைக்கிறேன். றமீஸ் வராத நாளிலயும் கேட்குது. பகலிலதான்.

அவன் கடல் பக்கம் ஓடினதை ஆரோ கண்டதாக நான்தான் கட்டினேன். கதை நம்புற மாதிரி இருக்கோணும் எண்டு எறிஞ்ச சாப்பாட்டையும் சேர்த்தேன். எனக்கு எப்பவும் ஒண்டு கூடச் சேர்க்கத்தான் தெரியும். அது அக்காவை இருபது வருசம் தின்னும் எண்டு நினைக்கல்ல. பிறகு நினைச்சேன், சொல்லல்ல. பெட்டிக்கு ஆணி அடிச்சேன். படகை உன் அப்பா கேட்டும் விக்க விடல்ல.

இதை அக்காவுக்கு வாசி. லவுட்ஸ்பீக்கர் மாதிரிச் சத்தமாக வாசி. அவன் கோபத்தில போகல்ல. சொன்ன இடத்துக்கு, சொன்ன சாமானோட, சிந்தாமல் வந்தவன்.

கணக்கு: பதினாலு லட்சத்து நாற்பத்தையாயிரம் முடிஞ்சுது. மிச்சம் அம்பத்தையாயிரம் றமீசிட்ட குடுத்து வச்சிருக்கு. தாழ்ப்பாள் இரண்டும் பூட்டியாச்சு. நான் கழட்டல்ல. படகு திங்கட்கிழமை தண்ணியில இறங்குது.

நீங்கள் வரேக்க நான் இஞ்ச நிக்க வேணுமோ, எங்கயும் போயிர வேணுமோ, எழுதி அனுப்பு.

யாக்கோப்பு

*

பேர்கன்
30 நவம்பர் 2024

தம்பி,

றெபேக்கா வாசிச்சவள். மூன்று தரம் வாசிக்கச் சொன்னன். முழங்கால் வலி இருக்கு. உன்ர இளைப்பு எப்படி எண்டு நான் கேட்கல்ல, வந்து பாக்கிறன்.

அந்த அடுக்கைப் புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவி, றமீஸ் தம்பியிட்ட குடுத்து நாங்க தங்குற இடத்துக்கு அனுப்பு. அவன் கட்டின கைலேஞ்சியைக் கழுவாத. அதை எனக்கு வை.

ஒரு இடமும் போகாத.

இருபத்தாறாந் திகதி படகைத் துறையில கட்டு. ஒன்பது மணிக்கு நீ உள்ளுக்குப் போ. தாழ்ப்பாளைப் போடு. நான் புட்டு அவிச்சு, இறைச்சி சமைச்சு, அந்த அடுக்கில எடுத்துக்கொண்டு வருவன்.

தட்டுவன். திற.

ஜோசப்பின்